கிழவன் என்று சொல்வது யார்?

வயது ஏறுவது இயற்கை. ஆனால் "நீ கிழவன், இனி எதற்கும் ஆகாதவன்" என்று மனிதனிடம் சொல்வது இயற்கையா? இல்லை, சமுதாயம். அதுவும் ஆளுக்கொரு தராசு வைத்துச் சொல்கிறது.

கீழத் தஞ்சையில் பண்ணையாள் முறை இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். அறுபது வயதுப் பண்ணையாளை மிராசுதார் வீட்டுச் சிறுவன் "வாடா, போடா" என்பான். அதே வயது மிராசுதாருக்கோ சஷ்டியப்தபூர்த்தி, மேளதாளம்! இருவருக்கும் நரைத்தது தலைமுடிதான். ஒருவர் பெரியவரானார், மற்றவர் சாகும்வரை 'டா'தான். சாதியும் நிலமும் சேர்ந்து செய்த வேலை இது. ஆயுள் முழுதும் 'டா' கேட்டவன் தன்னைச் சிறியவன் என்றே நம்பினான். அது பிறவிக் குணமா? அல்ல, பழக்கிவைத்த புத்தி. சங்கம் கண்டபின் அந்தக் கூன் நிமிர்ந்தது. போராட்டத்தின் பலனாய் 1952-ம் ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஆலையில் மட்டும் என்ன வாழ்கிறது? கண் தெளிவாக இருக்கும்வரை கைதேர்ந்த தொழிலாளி. அறுந்த இழையைப் பிணைக்கக் கை சற்றுத் தாமதித்தால் 'சுமை'. வேலை நின்ற மறுமாதமே, பேரனுக்கு மிட்டாய் வாங்க மகனிடம் காசு கேட்டுக் கூனிக் குறுகுகிறார். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர் இன்று தன்னையே பாரமாக நினைக்கிறார். நடவுப் பெண்ணுக்கோ ஓய்வு வயது என்பதே கிடையாது. இடுப்பு ஒடிந்த அன்றுதான் ஓய்வு. அன்றும் அடுப்படி வேலை காத்திருக்கும்!

முதுமைக்கு எல்லை கட்டுவது மனிதன்தான். ஜெர்மனியில் 1889-ம் ஆண்டுச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கு 70 வயது என்றது. 1916-ல் அது 65 ஆயிற்று. 27 ஆண்டில் மனித உடலா மாறிவிட்டது? சட்டம்தான் மாறியது. சட்டம் மாறினால் முதியவரின் நிலையும் மாறும்.

இங்கே என்ன நிலை? வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சமாக மத்திய அரசு 2014-ல் நிர்ணயித்த தொகை மாதம் 1000 ரூபாய். ஒரு நாளைக்கு 33 ரூபாய்! அதை வைத்துக்கொண்டு எவர் தலைநிமிர்ந்து நடக்க முடியும்?

ஓய்வூதியம் தர்மமல்ல, உழைத்தவனுக்கு வரவேண்டிய பாக்கி. வயிறார உண்ணப் போதுமான ஓய்வூதியம் கேட்போம். ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, வயலில் உழைத்தவருக்கும் சேர்த்துக் கேட்போம். சங்கக் கூட்டத்தில் முதியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டால் மட்டும் போதாது. அவர்களைப் பேசச் சொல்வோம். கூலி உயர்வு எப்படி வந்தது என்று இளைஞனுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே?