திண்ணை வைத்த வீடு

வீடு வரையச் சொன்னால் நம் பெங்களூர்க் குழந்தைகள் புகைபோக்கி வைத்த சீமை வீட்டையே வரைகின்றனர். பிழை அவர்களுடையதன்று, பாட்டனாரின் கூரை வீட்டை நாம் காட்டினோமில்லை.

முதலில் அகன்ற செவ்வகம்; அதன்மேல், சுவரைத் தாண்டித் தாழ இறங்கும் கூரை; நடுவே வாசல்; இருமருங்கும் திண்ணை; கூரையைத் தாங்க மரத்தூண்கள். கூரை ஏன் தாழ்ந்திருக்கிறது என்று குழந்தை வினவும். சாரல் மண்சுவரைக் கரைக்காதிருக்க என்போம். திண்ணை யாருக்கு என்றும் வினவும். வழிப்போக்கருக்கு என்கையில், நம் அடுக்குமாடியின் சாத்திய கதவு நினைவுக்கு வாராதிராது.

சென்னை செல்வோர், முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், பெயர்த்தெடுத்து மீண்டும் எழுப்பிய பழைய வீடுகளைக் குழந்தைகளுக்குக் காட்டுவாராக. திண்ணையில் அமர்ந்து எழுந்த பிள்ளையின் கோடு உறுதியாக விழும்.