முதலில் எர்த், அப்புறம் சர்வர்

டெல்டாவில் ரைஸ் மில்லுக்கோ உரக்கடைக்கோ கணினி பார்த்துக்கொள்பவர், புதுச் சர்வருக்கு விலை கேட்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துக் கட்டடத்தின் எர்த்தைச் சோதிக்கட்டும். ஐப்பசி இடிமழைக்கு முன் எந்த ஆன்டிவைரஸும் நிற்காது. எடைமேடையிலிருந்து ஆபீஸுக்குக் களத்தைத் தாண்டிச் செம்புக் கேபிள் இழுத்துவிடுகிறார்கள். ஈதர்நெட்டுக்கு அதன் எல்லை 100 மீட்டர். அதற்குள் இருந்தாலும், அருகே மின்னல் விழுந்தால் மின்வீச்சு அந்தக் கம்பி வழியே வந்து சுவிட்சைக் கருக்கிவிடும். அதற்குப் பதில் உலோகக் கவசமில்லாத ஃபைபர் கேபிள் போடுங்கள், அது மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனையிலும் தலா ஒரு கன்வெர்ட்டர் போதும். தவிடும் உமித்தூசியும் பறக்கும் அறைக்கு விசிறியில்லாத சிறு கணினியே ஏற்றது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பல ஊர்களை நாள்கணக்கில் இருட்டில் தள்ளியது. அரைமணி நேர யுபிஎஸ் அதற்கு விடையல்ல. டேலியை ஒழுங்காக மூடிக் கணினியை அணைக்க அவகாசம் தருவதே அதன் வேலை. கணக்குக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கிளவுடிலோ திருச்சி ஆடிட்டரிடமோ. மாதம் ஒருமுறை மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது. செட்டிங் போட்டு வைத்த உபரி ரவுட்டர் ஒன்றும் அலமாரியில் இருக்கட்டும். முதலாளி இதையெல்லாம் தண்டச்செலவு என்பார். அறுவடைக் காலத்தில் பில் போட முடியாமல் லாரி ஒருநாள் நின்றால் ஆகும் நஷ்டத்தை எழுதி நீட்டுங்கள், கையெழுத்து விழும்.