கப்பலில் காலேஜ்... கரையில் ஒருநாள் சித்தாள் வேலை!

காலையில் பொருளாதார வகுப்பு, மதியம் கடலியல் வகுப்பு, ஜன்னலுக்கு வெளியே அட்லாண்டிக் பெருங்கடல். இப்படியும் ஒரு செமஸ்டர் இருக்கிறது!

அமெரிக்காவின் 'செமஸ்டர் அட் சீ' திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர்கள், நூறு நாள்களுக்கும் மேலாகக் கப்பலிலேயே தங்கிப் படிக்கிறார்கள். இதன் தொடக்கம் 1963. கப்பல் கடலில் ஓடும்போதுதான் வகுப்பு. துறைமுகத்தில் நின்றுவிட்டால் வகுப்பு கிடையாது, அந்த நாட்டைப் பார்ப்பதுதான் பாடம். 2000-களில் நம் சென்னைத் துறைமுகத்துக்கும் இந்தக் கப்பல் வந்து போயிருக்கிறது.

கரையில் கிடைப்பது சில நாள்கள்தான். அதில் ஒருநாளைச் சேவைக்கென ஒதுக்கும் மாணவர்கள் உண்டு. அந்த ஒருநாளில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

கானா நாட்டில் கப்பல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி வீடு கட்டும் இடத்துக்குப் போகிறாள். அங்கே அவள் சித்தாள். மணல் சலிக்க வேண்டும், கலவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வரிசையில் நின்று சிமென்ட் கல்லைக் கைமாற்ற வேண்டும். மதியத்துக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிடும். பழக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள் இருவர் இதே வேலையைப் பாதி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அது அவளுக்கும் புரியும்.

ஆனாலும் இதில் யாருக்கும் கெடுதல் இல்லை. சொல்லிக்கொடுப்பவர் உள்ளூர் கொத்தனார். கப்பல் வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை, கப்பல் போன பிறகும் நடக்கும். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் உதவி, மாணவிக்கு நிறைய பாடம்.

சிக்கல் வருவது, சேவை என்ற பெயரில் குழந்தைகள் இல்லத்துக்குப் போகும்போதுதான். பாட்டு, சாக்லேட், மடியில் ஒரு குழந்தை, செல்ஃபி. 'நாளைக்கு வருவீங்களா அக்கா?' என்று அந்தக் குழந்தை கேட்டால் என்ன சொல்வது? நாளைக்குக் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த வாரம் வேறொரு அக்கா வருவார், அவரும் போய்விடுவார். பாசம் காட்டியவர்கள் எல்லோரும் விட்டுப் போவதையே அந்தக் குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்கிறது.

இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. உலகம் முழுவதும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில், ஐந்தில் நால்வருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்கிறது 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பின் 2009-ம் ஆண்டு அறிக்கை. அவர்களை இல்லத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் வறுமைதான். கம்போடியாவில் 2005-க்குப் பிறகான ஐந்தே ஆண்டுகளில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவிகிதம் கூடியது. வெளிநாட்டுப் பயணிகளும் அவர்கள் தரும் நன்கொடையும் அதற்கு ஒரு காரணம். 'குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்ல' என்ற பிரசாரம் 2011-ல் அங்கே தொடங்கியதும் இதனால்தான்.

ஒருநாள் சேவைக்குக் கிளம்பும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

* இந்த வேலையைக் கேட்டது அந்த ஊர்க்காரர்களா?
* நாம் போன பிறகும் இது தொடருமா?
* முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டுக் குழந்தையின் பள்ளிக்குள் நுழைந்து, தூக்கிக் கொஞ்சிப் படம் எடுத்தால் சும்மா இருப்போமா?

மூன்றாவது கேள்விக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. பிறந்தநாள், கல்யாண நாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடும் நல்ல வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. சாப்பாடு நல்ல விஷயம்தான். ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து 'ஹேப்பி பர்த்டே' பாடச் சொல்லி, அந்த வீடியோவை ஸ்டேட்டஸில் போடுவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதா? இல்லக் குழந்தைகளின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் 2015 தடையும் செய்கிறது.

அடுத்தமுறை இல்லத்துக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். 'எந்த நாள் சாப்பாட்டுக்கு ஆள் இல்லை? என்ன பொருள் தேவை?' என்று கேளுங்கள். பரீட்சை நேரத்து நோட்டுப் புத்தகமோ, மாதக் கடைசி மளிகையோ தேவைப்படலாம். அதைக் கொடுத்துவிட்டு, செல்போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். பிள்ளைகள் நிம்மதியாகச் சாப்பிடட்டும்!