பெட்டிக்கு விலை எதற்கு?

வீட்டில் நல்ல இசை கேட்க விரும்புவோர் முன் இன்று ஒரு கேள்வி நிற்கிறது. இணையத்திலிருந்து பாட்டைப் பெற்றுத் தரும் 'ஸ்ட்ரீமர்' பெட்டிக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. இப்பெட்டியின் வேலை என்ன? எண்களாக வரும் இசையை மின்சைகையாக மாற்றி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது. 1982ல் வந்த குறுந்தகட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதைப் பிசகின்றித் தர இன்று சாதாரண விலைப் பெட்டியே போதும். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். காதுக்குப் பலன் தெரியும்.

விலையைவிட ஆயுளைப் பாருங்கள். பெட்டியை இயக்குவது மென்பொருள். கம்பெனி அதைக் கைவிட்டால் பெட்டி நாளடைவில் முடமாகும். 2020 மே மாதம் சோனோஸ் கம்பெனி தன் பழைய சாதனங்கள் சிலவற்றுக்குப் புது வசதிகள் தருவதை நிறுத்திக்கொண்டது. லாஜிடெக் கம்பெனியும் 2012ல் ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளைக் கைவிட்டது. ஆனால் அவற்றுக்கான சர்வர் மென்பொருளின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆர்வலர்கள் கூடி உழைத்து அதை இன்றும் காத்து வருகிறார்கள். அப்பெட்டிகள் இன்றும் பாடுகின்றன!

எனவே, வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: கம்பெனி கைவிட்டாலும் இது பாடுமா? நேரான பதில் வராவிட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புங்கள்!