ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்னும் பழமொழிக்குத் தமிழ்ப்பள்ளியில் விளக்கம் எழுதி முழுப் புள்ளிகள் பெற்றவன் நான். ஆனால், அதன் பொருள் எனக்கு உண்மையில் விளங்கியது கடந்த நீண்ட விடுமுறையில்தான். விளக்கியவர், மூன்றாம் வகுப்பைத் தாண்டாத என் பாட்டி.

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே இருக்கிறது எங்கள் வீடு. எங்கள் வரிசைக்கு இன்னும் ஒளியிழைக் கம்பி வரவில்லை. சிம் அட்டை போட்ட ஒரு மோடம்தான் வீடு முழுவதற்கும் இணையம் தருகிறது. மாதத்திற்கு 100 ஜிகாபைட். அது தீர்ந்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடாது. ஆனால் வேகம் நத்தையாகிவிடும். அப்பா, அம்மா, பாட்டி, தங்கை ஆகிய நால்வருக்கும் இந்த அளவு மாதக் கடைசி வரை தாராளமாகவே போதும். தங்கை படிவம் ஐந்து மாணவி. எஸ்.பி.எம். தேர்வுக்காக வாரத்தில் மூன்று இரவுகள் இயங்கலையில் கூடுதல் வகுப்பு நடக்கும்.

விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, என் பழைய தட்டைக்கணினியைப் பாட்டிக்குக் கொடுத்தேன். பழைய பாடல்களையும் சமயச் சொற்பொழிவுகளையும் தேடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பாட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த மாதம் 18ஆம் தேதியே ஒதுக்கீடு தீர்ந்துபோனது. தங்கையின் வகுப்பில் ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வந்தது; பிறகு அதுவும் நின்றது. அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

யார் காரணம்? வீட்டில் நான்தானே விவரம் தெரிந்தவன்! ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் தீர்ப்புச் சொன்னேன்: "பாட்டிதான். நாள் முழுக்க வீடியோ பார்க்கிறார்." இனிமேல் செவ்வாய், வெள்ளி மட்டும் பார்த்தால் போதும் என்று சட்டமும் போட்டேன். பாட்டி எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. தட்டைக்கணினியைத் துணியால் மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி பார்த்தால், பாதிக்கு மேல் காலியாகிவிட்டது! பாட்டியோ வாரத்தில் இரண்டு நாள்தான் பார்க்கிறார். அன்று மாலைதான் பாட்டி முதன்முறையாக என்னிடம் கேட்டார்: "அது என்னய்யா டேட்டா டேட்டாங்கிறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

நானும் தமிழில் சொல்ல முயன்றேன். மாதம் ஒரு மூட்டை அரிசி வருகிறது, எல்லாரும் அதிலிருந்துதான் அள்ளுகிறோம், யார் எவ்வளவு அள்ளினார் என்று மூட்டைக்குத் தெரியாது என்றேன். பாட்டி இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். உடனே அவர் சொன்னது இது: "எங்க காலத்துல ஸ்டோர்ல ஆளாளுக்குத் தனித்தனியா நிறுத்துத்தான் பால் கணக்கு எழுதுவாங்க. எல்லார் வாளியையும் ஒண்ணா ஊத்தி நிறுத்தா, யாரு பால் எவ்வளவுன்னு எப்படிய்யா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடம் எடுத்தவன் நான். ஆனால், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் பாட்டி!

அன்றிரவே நிறுக்கத் தொடங்கினேன். இணைய நிறுவனத்தின் செயலி மொத்தக் கணக்கை மட்டுமே காட்டும். இரவு 11 மணிக்கு எல்லாரும் உறங்கப் போகும்போது மீதம் 41.6 ஜிகாபைட். காலை 6 மணிக்குப் பார்த்தால் 38.5. தூங்குகிற வீட்டில் 3 ஜிகாபைட்டுக்கு மேல் போயிருக்கிறது! பக்கத்து வீட்டார் யாரும் நம் வைஃபையைப் பயன்படுத்துகிறார்களோ என்று தங்கை ஐயப்பட்டாள். மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தோம். எல்லாம் எங்களுடையவைதாம். இருந்தாலும் கடவுச்சொல்லை மாற்றினோம். மறுநாள் காலையிலும் அதே 3 ஜிகாபைட் குறைந்திருந்தது. மூன்றாம் இரவு பாட்டியின் தட்டைக்கணினியை அணைத்து வைத்தோம். அப்போதும் அப்படியே. நான்காம் இரவு என் மடிக்கணினியை மூடினேன். காலையில் ஏறக்குறைய ஒன்றுமே குறையவில்லை.

விண்டோஸின் அமைப்புகளில், கடந்த 30 நாளில் எந்தச் செயலி எவ்வளவு தரவைப் பயன்படுத்தியது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. திறந்து பார்த்தேன். என் கோப்புகளை மேகச் சேமிப்பில் ஏற்றும் மென்பொருள் மட்டும் 43 ஜிகாபைட்! நம் நாடக விழாவின் காணொளிகளைத் தொகுப்பதற்காக ஒரு கோப்புறையில் வைத்திருந்தேன். திறன்பேசியில் முழு உயர்தெளிவில் எடுத்த காணொளி, நிமிடத்திற்கு 100 மெகாபைட்டைத் தாண்டக்கூடும். அரைமணி நேர நாடகம் என்றால் 3, 4 ஜிகாபைட். நான் ஒவ்வொரு முறை தொகுத்துப் புதிய கோப்பாகச் சேமித்தபோதும், அது முழுவதையும் அந்த மென்பொருள் இரவில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. பதிவிறக்கம் மட்டுமன்று, பதிவேற்றமும் எங்கள் ஒதுக்கீட்டில்தான் கழிகிறது. பாட்டியின் தட்டைக்கணினியிலும் கணக்குப் பார்த்தேன். நான் சட்டம் போடுவதற்கு முந்தைய மாதத்தில் அவர் செலவழித்தது 11 ஜிகாபைட்!

இங்கே ஒரு சிறு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இணைய வேகம் பிட்டில் அளக்கப்படுகிறது. ஒதுக்கீடு பைட்டில் அளக்கப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். நொடிக்கு வெறும் 1 மெகாபிட் என்ற மந்தமான வேகத்தில் ஏறினாலும் மணிக்கு 0.45 ஜிகாபைட், ஏழு மணி நேர உறக்கத்தில் 3.15 ஜிகாபைட் போய்விடும். அதே வேகத்தில் ஒரு கண்காணிப்புக் கேமரா இரவு பகலாகக் காட்சிகளை அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிகாபைட். எங்கள் 100 ஜிகாபைட் பத்தே நாளில் தீர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்து பார்ப்பவரைவிடக் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவதே பெருஞ்செலவாக இருக்கலாம்.

நண்பர்களே, இந்தத் தவறு எனக்கு மட்டுமே உரியதன்று என்று நினைக்கிறேன். வளாகத்தில் வைஃபை இருக்கிறது. அளவைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டி வீட்டுக்கும் கொண்டு போகிறோம். நம் கருவிகளும் அப்படித்தான் எண்ணுகின்றன. 'வைஃபை இருந்தால் மட்டும் படங்களைப் பதிவேற்று' என்ற அமைப்பு, வைஃபை என்றால் அளவற்றது என்று நம்புகிறது. சிம் அட்டையில் ஓடும் வீட்டு வைஃபைக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. விண்டோஸில் அந்த இணைப்பை 'அளவிடப்படும் இணைப்பு' என்று குறித்துவிடலாம். ஆண்ட்ராய்டு திறன்பேசியிலும் அவ்வாறு குறிக்கலாம். ஐபோனில் குறைந்த தரவு முறை உண்டு. இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

அளவில்லாத திட்டங்கள் வந்துவிட்டனவே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஒளியிழை வந்த வீட்டுக்கு அது சரி. வராத வீடுகளும் நம்மிடையே உண்டு. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, சபாவில் ஒரு மாணவி இயங்கலைத் தேர்வு எழுத மரத்தில் ஏறி அமர்ந்ததை நாடே பார்த்தது. எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஒருவரின் கவனக்குறைவு இன்னொருவரின் வகுப்பை நிறுத்திவிடும். இணைய நிறுவனங்களும் மாதக் கடைசியில் 'தீர்ந்தது' என்று சொல்வதோடு நிற்காமல், எந்த நாள், எந்த மணியில் எவ்வளவு போனது என்று காட்டினால், வீடுகளில் பாதிச் சண்டை குறையும்.

ஆனால், என்னை உறுத்துவது இணையக் கணக்கன்று. நான் வந்த மாதத்தில்தான் ஒதுக்கீடு முதன்முதலில் தீர்ந்தது. அந்த மாதம் வீட்டுக்குப் புதிதாக வந்தவை இரண்டு: பாட்டியின் தட்டைக்கணினி, என் மடிக்கணினி. ஒன்றின் மீது மட்டும் பழி விழுந்தது ஏன்? பட்டதாரியாகப் போகிறவன் மீது யாரும் ஐயப்படவில்லை. பாட்டியால் தம் பக்க நியாயத்தைச் சொல்ல முடியவில்லை. டேட்டா, அப்டேட், கோட்டா என்ற சொற்கள் எல்லாம் என் கையில் இருந்தன. ஒன்றையும் நான் அவருக்கு விளக்கியதில்லை. விளங்காத மொழியில் குற்றம் சாட்டப்படுபவர் எப்படி மறுமொழி சொல்வார்? தமிழில் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் அவரே வழியைக் காட்டிவிட்டார்.

நாம் தமிழுக்கு விழா எடுக்கிறோம். ஆண்டு மலர் வெளியிடுகிறோம். நல்லது. அதோடு, படித்த படிப்பைத் தமிழில் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதும் தமிழ்ப்பணிதான் என்பது என் கருத்து. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, முதலில் உங்கள் கருவியை நிறுத்துப் பாருங்கள். பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து மற்றவற்றையும் நிறுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் சட்டம் போடலாம்.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுய்யா. அந்தத் துணியை எடுத்துட்டு, பாதியில நின்ன பாட்டை வையி" என்றார். அந்த வாரம் தங்கையும் வீட்டிலிருந்தே வகுப்பில் கலந்துகொண்டாள்.