சைக்கிள் கொடுத்தோம், வழி கொடுத்தோமா?

பெரியகுளத்திலிருந்து வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் ஆகிய ஊர்களின் வழியாக வைகை அணையை நோக்கிச் செல்லும் ரஸ்தாவை அறிந்தவர்களுக்கு அதன் சிறப்பை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வராக நதியின் பாய்ச்சலில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்கால்களும் செழித்து நிற்கும் பூமி அது. கொடைக்கானல் மலைமேல் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் விளைந்து, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு கீழே இறங்கி விலையாவது வடுகபட்டிச் சந்தையிலேதான். இந்த ரஸ்தாவில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்கள், பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டும், மண்வெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டும் சைக்கிளில் போகிறவர்களைக் காண்பார்கள். சற்று நேரத்திற்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். இவர்களில் பலருடைய சைக்கிள் சர்க்கார் கொடுத்தது.

மேல்நிலைப் பள்ளிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கும் திட்டம் 2001-02-இல் தொடங்கிற்று. 2005-06 முதல் அது சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் எல்லா வகுப்பு மாணவ மாணவிகளுக்கும் விரிவாயிற்று. இந்த ஏற்பாட்டைக் கட்சி பேதமின்றி அடுத்தடுத்து வந்த மந்திரி சபைகள் கைவிடாமல் நடத்தி வருவது பாராட்டத்தக்கதே. ஆனால் சைக்கிளைக் கொடுத்த சர்க்கார் அதை ஓட்டிச் செல்ல வழி கொடுத்திருக்கிறதா என்னும் கேள்வியைத் தேனி ஜில்லாவாசிகள் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

சைக்கிள் ஓர் அற்ப விஷயம் என்று நினைப்போர் கீழைக் கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். புதுக்கோட்டை ஜில்லா, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய மீன்பிடி ஊர்களோடு கடலைத் தொடுகிற வறண்ட பிரதேசம். அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு தந்தார். பெண் சைக்கிள் ஏறுவதா என்று ஏளனம் செய்தவர்களுக்குக் குறைவில்லை. இருந்தும் விவசாயக் கூலிகளும், கல்குவாரியில் உடைக்கும் பெண்களும், கிராமச் சுகாதார நர்ஸுகளும் கற்றுக்கொண்டார்கள். ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். 1992-ஆம் வருஷத்து மகளிர் தினத்தையொட்டி 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் அணிவகுத்தனர். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமற் போனபோது ஆண்களின் சைக்கிளையே வாங்கினார்கள். முன்னாலிருக்கும் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட லாபம்!

அதுவரை பஸ்ஸுக்காகவும், வீட்டு ஆண்பிள்ளை வந்து கூட்டிச் செல்வதற்காகவும் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். விளைபொருளைத் தலையில் சுமந்து ஓர் ஊரில் விற்றவள் நாலைந்து ஊர் சுற்றி விற்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலானாள். இது இரண்டு சக்கரங்களால் மட்டும் சாத்தியமாகவில்லை. அன்று அந்த ஜில்லாவின் ரஸ்தாக்களில் மோட்டார் குறைவாயிருந்தது. புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு தாய் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு தயக்கமின்றி ஓட்ட முடிந்தது.

இன்று அப்படிச் சொல்ல முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை மாமல்லபுரத்திற்குத் தெற்கே நான்கு வழிப் பாதையாக அகலமாகி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து தலைக்கவசத்துடன் அந்தச் சாலையில் சைக்கிள் பயணம் செய்யும் கனவான்களும் யுவர்களும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுடைய உற்சாகத்தை நாம் குறை கூறவில்லை. ஆபத்து நேருமாயின் அவர்கள் வேறு பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். வடுகபட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போக வேறு பாதை ஏது?

நமது ஜில்லாவின் நிலைமையைக் கவனிப்போம். திண்டுக்கல்லிலிருந்து பெரியகுளம், தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்குச் செல்லும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை புறவழிகளோடு விரிவு செய்யப்பட்டிருக்கிறது. 7 மீட்டர் அகலத்தில் வண்டிகள் ஓடும் பாதையும், இருபுறமும் ஒன்றரை மீட்டர் தார் ஓரமுமாக அமைப்பது இத்தகைய சாலைகளுக்கு விதியாயிருந்தது. இந்த ஒன்றரை மீட்டர்தான் சைக்கிள்காரனுக்கு மிஞ்சியிருக்கும் பூமி. அதிலோ லாரி நிற்கும். இளநீர்க் கடை நிற்கும். எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் பறந்து வரும். சைக்கிள்காரன் நடுச் சாலைக்கு விலகினால் சபரிமலைக்கும் மூணாற்றுக்கும் விரையும் கார்களின் முன்னால் விழ வேண்டும். புறவழிகளோ வயற்பாதைகளைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அப்பால் போக வேண்டிய சம்சாரி வேகத்தின் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிறான். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துக்கள் நேர்ந்தன; 17,884 பேர் மாண்டனர். விபத்துக்களின் எண்ணிக்கையில் நமது மாகாணமே தேசத்தில் முதலிடம் பெற்றது.

பணமில்லை என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். முன்னாளில் சைக்கிளுக்கு வரி வாங்கித் தகடு கொடுத்தார்கள். விளக்கில்லாமல் போனால் அபராதம் விதித்தார்கள். அந்தக் காசில் ஒரு முழ அகலப் பாதையாவது சைக்கிளுக்கென்று போட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. விதி இல்லை என்றும் சொல்ல முடியாது. சைக்கிள் பாதைகளுக்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடும் சாலையில், நெருக்கடியான வேளையில் 100 சைக்கிள்கள் போனாலே தனிப் பாதை அமைப்பது நியாயம் என்று அது கூறிற்று. விதி எழுதி அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன!

ஹாலந்து தேசத்துச் சைக்கிள் பாதைகளைக் கண்டு வியப்போர் பலர். அவை அத்தேசத்தாருக்கு வானத்திலிருந்து விழவில்லை. 1971-இல் அங்கே சாலை விபத்துக்களில் சுமார் 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துக என்று பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்த பின்னரே அரசாங்கம் அசைந்து கொடுத்தது.

நமக்குச் செலவு குறைந்த வழியும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் 18-ஆம் கால்வாயும் பி.டி. ராஜன் கால்வாயும் ஊருக்கு ஊர் தொட்டுச் செல்கின்றன. அவற்றின் கரைகளில் இடமுள்ள பகுதிகளைச் செப்பனிட்டால் நெடுஞ்சாலையைத் தொடாமலே பிள்ளைகள் போய் வரலாம். வடுகபட்டி ரஸ்தா போன்ற உட்சாலைகளில், பள்ளி கூடும் வேளையிலும் விடும் வேளையிலும் கனரக லாரிகளை நிறுத்தி வைப்பதற்கு ஓர் உத்தரவு போதும். தார் ஓரத்தில் லாரி நிறுத்துவதைத் தடுக்கப் போலீஸாருக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வெளியூர்ச் சைக்கிள் பிரயாணிகளும் இவ்வழிகளில் வரத் தொடங்கினால் சிற்றூர்க் கடைகளுக்கு நாலு காசு கிடைக்கும். அது இரண்டாவது விஷயம்.

ஊர் வாலிபர்களுக்கு நாம் ஒரு யோசனை கூறுகிறோம். ஒரு பள்ளி நாளில், காலை 8 மணி முதல் 9 மணி வரை, வடுகபட்டியிலும் ஜெயமங்கலத்திலும் நெடுஞ்சாலைச் சந்திப்புகளிலும் இருவர் இருவராக நின்று எண்ணுங்கள். மோட்டார் எத்தனை, சைக்கிள் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். 200-ம் 100-ம் எங்கெங்கே தாண்டுகின்றன என்பதை எழுதி, அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் நேரில் கொடுத்து, மனுவின் ரசீதை மறவாமல் வாங்கி வையுங்கள்.