பானி - கிளைட்: போட்டோவில் கெத்து... நிஜத்தில்?

வாயில் சுருட்டு, கையில் துப்பாக்கி, கார் பம்பர் மேல் ஒரு கால். 90 ஆண்டுகள் கடந்தும் பானி பார்க்கரின் இந்த போட்டோ டி-ஷர்ட்டிலும் ரீல்ஸிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘வாழ்ந்தாலும் செத்தாலும் சேர்ந்தே’ என்ற காதலுக்கு பானி - கிளைட் பாரோ ஜோடியைத்தான் இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனா, நிஜக் கதை அவ்வளவு ரொமான்டிக் இல்லை.

போட்டோ வந்த கதை

1933 ஏப்ரலில், அமெரிக்காவின் மிசோரி மாகாணம் ஜாப்லின் நகரில் இவர்கள் பதுங்கியிருந்த வீட்டுக்கு போலீஸ் வந்தது. இரண்டு போலீஸாரைக் கொன்றுவிட்டு கும்பல் தப்பியது. அவசரத்தில் விட்டுப்போன ஃபிலிமைக் கழுவியபோது கிடைத்ததுதான் அந்தப் படம். அது சும்மா விளையாட்டுக்குக் கொடுத்த போஸ். பானி பிடித்தது சிகரெட்தான், சுருட்டு அல்ல. ஆனால் பத்திரிகைகளுக்குப் படமே போதுமானதாக இருந்தது. பொருளாதார மந்தத்தில் வேலையும் வீடும் இழந்து, வங்கிகள் மீது கடுப்பில் இருந்தவர்களில் பலருக்கு இவர்கள் ஹீரோவாகத் தெரிந்தார்கள்.

அடிபட்டது யார்?

வங்கிகளைவிட இவர்கள் அதிகம் கொள்ளையடித்தது பெட்ரோல் பங்க்குகளையும் சின்னக் கடைகளையும்தான். அதாவது, அதே மந்தத்தில் தள்ளாடிய சாதாரண மக்களை. கும்பலின் கொலைக் கணக்கில் சேர்க்கப்படுபவர்கள் சுமார் 13 பேர். அதில் 9 பேர் போலீஸார். 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறன்று டெக்சாஸின் கிரேப்வைன் அருகே சுடப்பட்ட இரண்டு ரோந்து போலீஸாரில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவருடைய இறுதிச் சடங்குக்கு அந்தப் பெண் கல்யாண உடையிலேயே வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காதலை யாரும் டி-ஷர்ட்டில் அச்சடிக்கவில்லை.

ஓட்டமும் முடிவும்

சிறைப் பண்ணையின் கடும் வேலையிலிருந்து தப்பிக்க, தன் இரண்டு கால்விரல்களை இழந்தவர் கிளைட். 1933 ஜூனில் நடந்த கார் விபத்தில் பானியின் கால் வெந்துபோனது. அதன்பின் அவரால் சரியாக நடக்கவே முடியவில்லை, பல நேரம் கிளைட்தான் தூக்கிச் சென்றார். காரிலேயே தூக்கம், ஆற்றில் குளியல், எந்நேரமும் பயம். 1934 மே 23 அன்று லூசியானாவில் மறைந்திருந்த ஆறு அதிகாரிகள் அவர்கள் காரை நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளால் துளைத்தார்கள். பானிக்கு வயது 23, கிளைட்டுக்கு 25. கூடிய கூட்டம் பானியின் முடியையும் துணியையும் நினைவுப்பொருளாக வெட்டி எடுத்தது. பானியின் அம்மா சம்மதிக்காததால், இருவரும் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில்தான் புதைக்கப்பட்டார்கள். ‘செத்தாலும் சேர்ந்தே’ என்பதுகூட நடக்கவில்லை.

1967-ல் வாரன் பேட்டி, ஃபே டன்அவே நடித்த படம் இந்த ஜோடியை ஃபேஷன் ஐகான் ஆக்கியது. வறுமையும் சிறைக் கொடுமையும் ஒருவரை எங்கே தள்ளும் என்று பேசலாம், பேச வேண்டும். ஆனால் புரிந்துகொள்வது வேறு, கொண்டாடுவது வேறு. ‘கப்பிள் கோல்ஸ்’ என்று அந்தப் படத்தை ஷேர் செய்யும் முன், கல்யாண உடையில் இறுதிச் சடங்குக்கு வந்த அந்தப் பெண்ணையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.